கடைசிக் கவளம்

எங்கள் ஊரில் ஒரு யானையைச் சுட வேண்டுமென்றால் முதலில் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தர வேண்டும். பெயர் கெடாத யானையைச் சுடுவது குற்றம், பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். பெயர் கெட்ட யானையைச் சுடுவது சேவை, கடல் கடந்து வந்து செய்வார்கள். இந்த வித்தியாசத்தை எனக்கு விளக்கியவன் என் மச்சினன் மதெங்கு. எங்கள் ஊர்க் காட்டையும் விலங்குகளையும் பார்த்துக்கொள்ள ஊராரே நடத்தும் முகெங்கா சமூக வனக் காப்பகத்தின் தலைவர். வீட்டில் அவன், ஆபீசில் அவர்.

என் பெயர் சின்வுலா. ஆற்றுப் படுகைக்கு மேலே கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது, அதில் மக்காச்சோளம் போடுகிறோம். அடுத்த மழை வரைக்கும் நானும் என் மனைவி நசிலேலேயும் எங்கள் மூன்று பெண்களும் தின்கிற களி அந்தச் சோளத்திலிருந்துதான் வர வேண்டும். அதைத் தின்ன இன்னொருவரும் ஆசைப்பட்டார். இடது தந்தம் அடியோடு ஒடிந்தவர், வலது தந்தம் அகப்பைக் காம்பு நீளம், ஒரு காது கிழிசல். ஊர் அவருக்குப் 'பொருளாளர்' என்று பெயர் வைத்திருந்தது. காப்பகத்தின் நிஜப் பொருளாளருக்கு இதில் ரொம்ப வருத்தம். ஆனால் இரண்டு பேரும் வந்துபோன பிறகு மிச்சம் இருப்பது ஒரே மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பொருளாளரைச் சமாளிக்க எங்களுக்கு ஒரு வழி தெரியும். யானைச் சாணத்தில் மிளகாய்த் தூளைப் பிசைந்து, கட்டி கட்டியாகக் காயவைத்து, காற்று வரும் பக்கமாக வயலோரத்தில் கொளுத்திவிட வேண்டும். அந்தப் புகை யானைக்கு ஆகாது. எங்களுக்கும் ஆகாது. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்போம், ஆனால் சோளம் நிற்கும். போன வருடம் அப்படித்தான் பிழைத்தோம்.

கதிர் பிடிக்கிற சமயத்தில் ஒருநாள் மதெங்கு காப்பகத்தின் பச்சைச் சட்டையோடு வந்தான். அக்காவுக்கு முன்னால் முழங்காலிட்டு மெல்லக் கைதட்டி வணக்கம் வைத்தான். தாய் இறந்த பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நசிலேலே. பதவி வந்த பிறகும் அந்த மரியாதையை அவன் விடவில்லை, அதற்காக நான் அவனை மெச்சிக்கொண்டதும் உண்டு.

"அக்கா, பொருளாளர் கதை முடிஞ்சுது. வெளிநாட்டுலேர்ந்து ஒரு பெரிய மனுஷன் வேட்டைக்கு வர்றாரு. ஏழைங்க பயிரை அழிக்கிற யானையைத்தான் சுடுவேன், சும்மா நிக்கிற யானையைத் தொட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நான் உங்க வயலைத்தான் சொல்லியிருக்கேன்."

"நெஜமாவாடா?"

"அம்மாவைப் புதைச்ச எடத்து மேல சத்தியம்க்கா. அறுவடைக்கு முன்னாடி அது விழும். கறியும் ஊருக்குத்தான்."

நசிலேலே அவன் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம்," என்றான் மதெங்கு, இந்தமுறை என்னைப் பார்த்து. "அவரு வர்ற வரைக்கும் மிளகாய்ப் புகை போடக்கூடாது மாமா. தகரம் தட்டக்கூடாது. அது பயந்து அக்கரைக்குப் போயிடுச்சுன்னா வேட்டையே போச்சு. இங்கயே நிம்மதியாப் பழகணும்."

"நிம்மதியான்னா?"

"சாப்பிடணும்."

"யாரு சோளத்தை?"

"மாமா, நீங்க எப்பவும் சின்னதாவே யோசிக்கிறீங்க."

அன்றைக்கே புகையை நிறுத்தினோம். பெரிதாக யோசிப்பது எப்படி என்று எங்களுக்கும் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது.

வேட்டைக்காரரின் பெயர் ப்ரூனோ. குளியலறைக் குழாய் செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறவர். ஆனால் அவர் வருவது லேசில் நடக்கவில்லை. முதலில் அவருடைய துப்பாக்கி ஏதோ ஒரு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது. துப்பாக்கி கிடைத்தபோது அவருக்கு வயிறு சரியில்லை. வயிறு சரியானபோது, தொப்பியில் செருகுகிற இறகு பெட்டியில் நசுங்கிவிட்டது தெரிந்தது. இறகு இல்லாமல் வேட்டைக்குப் போவது அவருடைய சங்கத்தில் பெரிய அவமானமாம். ஆள் அனுப்பிப் புது இறகு வரவழைத்தார்கள்.

அதுவரை பொருளாளர் நிம்மதியாகப் பழகினார். முன்பெல்லாம் ஓரமாக நின்று பிடுங்கிக்கொண்டு ஓடுவார். இப்போது நடு வயலில் வந்து, இந்த வரிசை, அந்த வரிசை என்று பொறுக்கித் தின்றார். நசிலேலே வீட்டுக்குள் படுத்துக்கொண்டு, தட்டைகள் முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தாள். "தம்பி சத்தியம் பண்ணியிருக்கான்," என்று சொல்லிக்கொள்வாள். எனக்குச் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

ஆற்றோரத்து மர நிழலில் வேட்டை முகாம் எழும்பியது. கூடாரம் என்றுதான் சொன்னார்கள், உள்ளே என் வீட்டை விடப் பெரிய கட்டில் இருந்தது. முகாமை நடத்துகிறவர் ஹார்ட்விக். அவருடைய முப்பாட்டன் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம், எங்கள் பாஷை எங்களைப் போலவே பேசுவார். துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே எனக்கு வேட்டையின் அறத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவர் என்னைத் தடம் பார்க்கிற வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார், ஆகவே நான் கேட்டாக வேண்டும்.

"சின்வுலா, வேட்டை வேற, கொலை வேற. கொலையில கோபம் இருக்கும். எங்களுக்குக் கோபமே கிடையாது. அந்த மிருகம் எங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே!"

"சரிதான் சார்."

"மிருகத்துக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கணும். தப்பிக்கிற வாய்ப்பு. அதுதான் நேர்மையான வேட்டை."

"தப்பிச்சுட்டா?"

"மறுநாள் போவோம்."

"வயல்காரனுக்கு என்ன வாய்ப்பு சார்?"

"அதுக்குத்தான் காப்பகம் இருக்கே," என்றார், குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே.

ப்ரூனோ ஒருவழியாக வந்து சேர்ந்தார். பருத்த, நல்ல மனிதர். கை குலுக்கினால் விடவே மாட்டார். அவர் முன்னால் எங்களை நிறுத்த மதெங்கு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தான். நான் 'பாதிக்கப்பட்ட விவசாயி'. என் சட்டை நன்றாக இருந்ததால் கழற்றச் சொல்லிவிட்டுக் கிழிசல் சட்டை ஒன்றைக் கொடுத்தான், அது அவனுடைய பழைய சட்டை.

"மாமா, சிரிக்காதீங்க."

"சிரிக்கலையே, என் மூஞ்சியே இப்படித்தான்டா."

"அப்போ கீழ பாருங்க. அக்கா, நீ கண்ணைத் துடைச்சுக்கோ. இப்ப வேணாம், அவரு வந்தப்புறம்."

நசிலேலேக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. ப்ரூனோவை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மிதிபட்ட தட்டைகளையும் பாதி கடித்த கதிர்களையும் காட்டினபோது அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். ப்ரூனோவுக்கும் கண் கலங்கியது. அவர் ஏதோ சொல்ல, ஹார்ட்விக் மொழிபெயர்த்தார்: "உங்களுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன், அம்மா."

மறுநாள் துப்பாக்கிப் பயிற்சி. அட்டையில் ஒரு யானையை வரைந்து கரையான் புற்றின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல் குண்டு புற்றில் பட்டது. இரண்டாவது குண்டு முகாமின் தண்ணீர்த் தொட்டியில் பட்டது, சமையல்காரர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்றாவது குண்டு எங்கே போனது என்று தெரியாது, ஆனால் அந்தச் சமயம் பார்த்துக் காற்று அடித்து அட்டை யானை குப்புற விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஹார்ட்விக் தொப்பியைக் கழற்றி ப்ரூனோவின் கையைக் குலுக்கி, "தயார்," என்று அறிவித்தார்.

விடியும்போது என் வயலிலிருந்தே தடம் பிடித்தேன். கஷ்டமே இல்லை. முறம் அகலத்துக்குக் காலடி, வழியெல்லாம் சாணம், சாணத்தில் செரிக்காத என் சோளம். முள் மரத்தடியில் பொருளாளர் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஒடிந்த தந்தம், கிழிந்த காது, என் அறுவடையில் பாதி வயிற்றுக்குள். "அதோ," என்றேன்.

ப்ரூனோ தொலைநோக்கியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஹார்ட்விக்கிடம் அவர்கள் பாஷையில் மெல்லிய குரலில் பேசினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்து, பெண்ணைப் பார்த்த பிறகு வெளியே போய்ப் பேசுவார்களே, அந்த மாதிரிப் பேச்சு.

"சின்வுலா, இது பொருந்தாது," என்றார் ஹார்ட்விக்.

"இதுதான் சார் அது! காதைப் பாருங்க, தந்தத்தைப் பாருங்க!"

"தந்தத்தைத்தான் பாத்தோம். அவரு வீட்டுக் கூடத்துல பல வருஷமா ஒரு சுவரைக் காலியா வச்சிருக்காரு. அங்க போய் இதை மாட்ட முடியுமா?"

"மாட்டவா வந்தாரு? என் வயலைக் காப்பாத்தல்ல வந்தாரு!"

"ரெண்டுந்தான். ஆனா மொதல்ல சுவரு."

வண்டியில் ஏறினோம். வண்டி ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அங்கே நாணல் நடுவே எப்போதும் ஒரு கிழ யானை நிற்கும். ஊர்ப் பெரியவரை நாங்கள் 'இந்துனா' என்போம், அந்தக் கிழத்துக்கும் அதே பெயர்தான். நடந்தால் தந்தங்கள் புல்லில் உரசும். பெண்கள் தண்ணீருக்குப் போனால் தானே ஒதுங்கி வழிவிடும். வயல் பக்கம் அது வந்ததை யாரும் கண்டதில்லை.

வண்டியை அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இந்துனா எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி நாணலை மெல்லத் தொடங்கியது. வண்டியிலிருந்து சுடுவது அறமில்லை என்பதால் வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தி, இறங்கி, குனிந்து குனிந்து வந்த வழியே நடந்தோம். யானைக்கு வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது. அது அந்த வாய்ப்பை உபயோகித்துக்கொள்ளவில்லை.

"சார், இது இல்ல! இது வயலுக்கே வராது!" என்று நான் கத்திவிட்டேன்.

ஹார்ட்விக் என் வாயைப் பொத்தினார். "சத்தம் போட்டு மிருகத்துக்குத் துப்புக் குடுக்கறது விதிமீறல்," என்று காதுக்குள் சொன்னார்.

ப்ரூனோ சுட்டார். இந்துனா யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பியது. ப்ரூனோ மறுபடி சுட்டார், நாணல் முறிந்தது. மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து சுட்டார்கள், அதில் ஹார்ட்விக்கின் குண்டு பட்டது, ப்ரூனோ யானையைக் கொன்றார். முன்னங்கால்கள் மடங்கி, முழங்காலிட்டு உட்காருவதுபோல் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. யானைகள் மேல் எனக்குப் பாசம் கிடையாது, பயிர் வைக்கிறவன் யாருக்கும் இருக்காது. ஆனாலும் என் பெயரைச் சொல்லி, எனக்காக, என்னோடு எந்தத் தகராறும் இல்லாத ஒருவரைக் கொன்றிருந்தார்கள்.

மதெங்குவின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அவன் கையில் துணி சுற்றிய ஒரு சோளத்தட்டை, கதிரோடு. அந்தத் துணி நசிலேலேயின் தலைத்துணி.

இந்த இடத்தில் அவர்களுடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுட்ட மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை வைப்பார்கள். அது கடைசிக் கவளமாம். பசியோடு அனுப்பக் கூடாது என்கிற மரியாதை. அதே மரத்துக் கொப்பு இன்னொன்றை ரத்தத்தில் தொட்டு வேட்டைக்காரர் தொப்பியில் செருகிக்கொள்வார். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். இது பயிர் தின்ற யானை என்பதால் கொப்புக்குப் பதில், தின்ற வயலிலிருந்தே ஒரு சோளத்தட்டை வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று காப்பகம் யோசனை சொல்லியிருந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் நசிலேலே குலவையிட்டபடி வயலுக்கு ஓடி, மிஞ்சியிருந்ததில் நல்ல வரிசையிலிருந்து தானே வெட்டித் தந்திருக்கிறாள்.

"மாப்ளே, இது இந்துனாடா."

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"மெதுவாப் பேசுங்க."

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "மொதல்லேர்ந்தே. பொருளாளரைச் சுட எவன் மாமா காசு குடுத்து வருவான்? இந்த மாதிரி ஒண்ணு விழுந்தாத்தான் காப்பகம் நிக்கும். காப்பகம் நின்னாத்தான் உங்களைப் பாதுகாக்க முடியும்."

"எதுலேர்ந்து?"

"யானைலேர்ந்து," என்றான், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்படியென்றால் என் பாதி வயலைத் தின்னக் கொடுத்தது எதற்காக? ப்ரூனோ பார்த்துக் கண்கலங்குவதற்காக. புகையை நிறுத்தச் சொன்னது யானை பழகுவதற்காக இல்லை, வயல் நன்றாக அழிவதற்காக. இது எனக்கு அங்கேதான் உறைத்தது. அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், ஆனால் நான் போட்டிருந்ததே அவன் சட்டை.

இந்துனாவின் வாயைத் திறந்து சோளத்தட்டையை வைத்தார்கள். வாழ்நாளில் அது ருசி பார்க்காத பண்டம். ஹார்ட்விக் தொப்பியைக் கழற்றினார், ப்ரூனோ முழங்காலிட்டுத் தேம்பினார். என்னை யானையின் காதுமேல் கை வைத்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மதெங்கு வண்டியின் முன்பக்கத்தில் ஏறி நின்று, கூடிவிட்ட ஊருக்கு உரையாற்றினான்.

"இன்றைய தினத்திலிருந்து முகெங்காவில் பயிர் தின்னும் யானை என்று எதுவும் இல்லை என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன்! சந்தேகப்படுகிறவர்கள் அதன் வாயைப் பார்க்கலாம்!"

எல்லோரும் வாயைப் பார்த்தார்கள். சோளம் இருந்தது. ஊரில் அத்தனை பேருக்கும் அது இந்துனா என்று தெரியும். ஆனால் கத்திகளைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், கறி முன்னால் கிடந்தது, யார் என்ன பேசுவார்கள்?

எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். நசிலேலே கறியை இலையால் மூடினாள்.

"அது நம்ம சோளத்தைத் தின்னவே இல்ல. நாம எதுக்கு அதைத் திங்கணும்?" என்று சொல்லிவிட்டு அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த வெள்ளைக்காரன்தான் ஏமாத்தியிருப்பான்," என்றாள் பிறகு. மதெங்கு 'தெரியும்' என்று சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் நான் அவளிடம் மறைத்திருந்தேன். அந்த வார்த்தையை எப்படி அவளிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொருளாளருக்குத் தான் காலமான செய்தி எட்டவில்லை. ப்ரூனோ விமானம் ஏறின மறுநாளே வந்தார். நாங்கள் மிளகாய்க் கட்டியைக் கொளுத்தினோம். அதற்குள் காப்பகத்திலிருந்து ஆட்கள் வந்து, அணைக்கச் சொல்லி, அரசாங்க வனவிலங்கு அதிகாரி விசாரணைக்கு வருவார் என்றார்கள். வந்தவர் கவானா அம்மையார், மடிப்புக் கலையாத சீருடை. மதெங்குவும் கூடவே வந்தான்.

"மேடம், அது மறுபடி வந்துச்சு."

"எது?"

"பொருளாளர், மேடம்."

"அதுதான் செத்துப்போச்சே. அறிவிச்சாச்சு, எங்க பதிவுலயும் ஏறியாச்சு."

"அப்போ இந்தக் காலடி?"

"பழசு."

"இந்தச் சாணம்?"

"அதுவும் பழசு."

"ஆவி பறக்குது மேடம்!"

அவர் குனிந்து பார்த்தார். யோசித்தார். "இந்தப் பக்கத்து மண்ணு அப்படி. சாணம் கெடாம இருக்கும்," என்றார்.

"சரி, பழசாவே இருக்கட்டும். நாங்க புகை போட்டுக்கறோம்."

"யாரை விரட்ட? பயிர் தின்னும் யானை இல்லாத ஊர்ல புகை போட்டா, அது பயிர் தின்னாத யானையைத் துன்புறுத்தறதாகும். அதுக்குத் தண்டனை இருக்கு சின்வுலா. நான் உங்களைச் சட்டத்துலேர்ந்து காப்பாத்தத்தான் வந்திருக்கேன்."

காப்பகத்தின் காவலர்கள் எங்கள் மிளகாய்க் கட்டிகளை மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். நசிலேலே தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது விழா வந்தது. அறவழி வேட்டையாளர்களின் உலகச் சங்கத்திலிருந்து விருந்தாளிகள் வந்து, எங்கள் ஊருக்குப் பட்டயம் கொடுத்தார்கள். 'மோதல் இல்லா வயல்' என்று பித்தளையில் எழுதியிருந்தது. வயல் என்றால் எங்கள் வயல்தான், ஆகவே விழாவும் அதன் ஓரத்திலேயே. வெயிலுக்குப் பந்தல், நாற்காலி, குளிர்ந்த பானம். வயலில் அப்போது நின்றது கிழக்கு மூலையில் சில வரிசைகள் மட்டும். அது கைக்கு வந்தால் இரண்டு மாதமாவது ஓட்டிவிடலாம் என்று நசிலேலே கணக்குப் போட்டிருந்தாள்.

சங்கத் தலைவர் பேசினார், மதெங்கு எங்களுக்கு மொழிபெயர்த்தான். "நாங்கள் இல்லாவிட்டால் இந்த யானைகளை யார் நேசிப்பார்கள்? நேசிக்கிறவர்கள்தான் சுட முடியும். சுடுகிறவர்கள்தான் நேசிக்க முடியும்." கைதட்டினார்கள். கவானா அம்மையார் பேசினார். "புகார்கள் அறவே இல்லை. வந்த புகார்கள் அனைத்தையும் நாங்கள் ஏற்க மறுத்துவிட்டோம்." அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போது புதருக்குள்ளிருந்து பொருளாளர் வெளியே வந்தார். பட்டப்பகலில், அவசரமே இல்லாமல். நேராகக் கிழக்கு மூலைக்குப் போனார்.

விருந்தாளிகள் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி மகிழ்ச்சியில் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் போனைத் தூக்கினார்கள். நசிலேலே வீட்டுக்குள் ஓடி இரும்புச் சட்டியும் அகப்பையும் எடுத்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தாள். மதெங்கு அவளுக்குப் பின்னால் ஓடினான். ஒரு கணம் அவனும் யானையை விரட்டத்தான் ஓடுகிறான் என்று நினைத்தேன். அவன் அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்கி நில்லு. படத்துல விழற."

"டேய், சோளம்டா!"

"அஞ்சு நிமிஷம்க்கா. அவங்க எடுத்துக்கட்டும்."

அவள் நின்றாள். சட்டி கையிலிருந்தது, தட்டவில்லை. தட்டைகள் முறியும் சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது.

பிறகு என்னை நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் முழங்காலிட்டுக் கைதட்டி, எழுந்து, எங்கள் பாஷையில் சொன்னேன்: "அதோ நிக்கறதுதான் என் வயலைத் தின்ன யானை. நீங்க கொன்னது வேற ஒரு பாவத்தை. வரப்போற வருஷம் என் பொண்ணுங்களுக்குச் சோறு இல்ல. இதை என் மச்சினன் தெரிஞ்சே செஞ்சான்."

மதெங்கு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னான். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சங்கத் தலைவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு இங்கிலீஷ் வராது. நசிலேலே முன்பு ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தவள், அவளுக்கு வரும்.

"என்னன்னு சொன்னான்?" என்று அவளிடம் கேட்டேன்.

"யானை திரும்பி வந்ததைப் பாக்க உனக்குச் சந்தோஷமா இருக்காம். உன் பொண்ணுங்க சார்பா நன்றி சொன்னியாம்." கொஞ்சம் பொறுத்து, "நீ சொன்னது நெஜமா? தெரிஞ்சேவா செஞ்சான்?" என்று கேட்டாள். ஆமென்று தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். கிழக்கு மூலையில் ஒன்றும் இல்லை. மதெங்கு வழக்கம்போல எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். அவன் பெண்டாட்டி நகரத்தில் வேலை பார்க்கிறாள், அவனுக்கு ராத்திரிக் களி எங்கள் வீட்டில்தான். களைத்துப்போயிருந்தான், விழா நன்றாக நடந்ததில் முகம் மலர்ந்திருந்தது. பாயில் உட்கார்ந்தான். நசிலேலே எழுந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன்முன் மண்டியிட்டுப் பிடித்தாள். அவன் கை கழுவினான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

அவன் கழுவின கையை எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பெண்கள் மூவரும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"அக்கா," என்றான்.

அவன் என்னைப் பார்த்தான், நான் அடுப்பைப் பார்த்தேன். கை காயும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வணக்கம் சொல்லாமல் போனான். அவன் வேலியைத் தாண்டிய பிறகுதான் நசிலேலே அழுதாள், வயலுக்காக இல்லை.